இரத்தத்தில் மரபணுவை அளந்து இருதய அடைப்பைச் சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள்

லயத்துப்பிள்ளை – ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது முழுக்கச் செம்பனையாக மாறிவிட்ட தோட்டமொன்றில் எங்கள் குடும்பம் இருக்கிறது. என் அண்ணனுக்கு வயது 52. குலை வெட்டும் வேலையை விட்டுவிட்டு இப்போது லாரி ஓட்டுகிறார். மூன்று மாதமாக, ஆபீஸ் மேட்டில் ஏறும்போது நெஞ்சின் நடுவில் கல்லை ஏற்றி வைத்தது போல ஓர் அழுத்தம் வருகிறது என்றும், நின்று மூச்சு வாங்கினால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது என்றும் சொல்கிறார். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) ஒன்பது ஆண்டுகளாக உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

போன வாரம் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு சுகாதார விளக்கக் கூட்டம் நடந்தது. ஒரு சொட்டு இரத்தத்தில் மரபணுவைப் பரிசோதித்து, இருதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்பதை ஆஞ்சியோகிராம் இல்லாமலேயே கண்டுபிடித்துவிடலாம், அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்ட முறை இது என்று ஒருவர் பேசினார். விலை இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. தவணையும் உண்டாம். அண்ணன் அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். நான் தேடிப் படித்த அளவில், இரத்தத்தில் மரபணு வெளிப்பாட்டை அளந்து இருதய நோயைக் கணிக்கும் ஆய்வுகள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. ஆகவே முழுப் புளுகு என்று தள்ளவும் முடியவில்லை, நம்பிப் பணத்தைக் கட்டவும் மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டிரசர் – ஞாயிறு, இரவு 9.40

தம்பி, மரபணு விளக்கத்தை மற்றவர்கள் பிறகு எழுதட்டும். மேடேறினால் வருகிறது, நின்றால் போகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி போதும். இருபத்தாறு ஆண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். அதே வரியை மாட்டுக்காரர், மண்டோர், கிராணி என்று எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். இதை ஆஞ்சைனா என்பார்கள். உழைக்கும்போது இருதயத் தசைக்கு வேண்டிய இரத்தம் குறுகிய குழாய் வழியே போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்பதன் அறிகுறி அது. நாளைக் காலையிலேயே அண்ணனை அரசுக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டணம் ஒரு ரிங்கிட். இ.சி.ஜி. எடுப்பார்கள், அது சுத்தமாக வந்தாலும் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள், ஏனென்றால் ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. இத்தகைய நோயாளிகள் பலருக்குச் சாதாரணமாகவே இருக்கும். மேடேறும் கதையை டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது. 999.

குழாய்க்காரர் – ஞாயிறு, இரவு 11.05

டிரசர் ஐயா சொன்னதுதான் முதலில் நடக்க வேண்டியது. ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குழாய்களோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மரபணுப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். டி.என்.ஏ. என்பது தோட்டத்துச் செக்ரோல் புத்தகம். தோட்டத்தில் இருக்கும் அத்தனை பேருடைய பெயரும் அதில் உண்டு. பிறந்த நாளில் எழுதியது, சாகும் வரை பெரும்பாலும் மாறாது. மரபணு வெளிப்பாடு என்பது காலைப் பெரட்டு. இன்று யார் யார் வேலைக்கு வந்தார்கள், எந்த நிரைக்கு எத்தனை பேர் போனார்கள் என்பது பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். மழை பெய்தால் மாறும், திருவிழா வந்தால் மாறும். உடம்பின் அணுக்களிலும் அப்படித்தான். எல்லா அணுவிலும் புத்தகம் ஒன்றே. ஆனால் இந்த நேரத்தில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அதிலிருந்து வெளிவரும் தூது ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டே கணிக்கிறார்கள்.

அடுத்தது, முழங்கையில் எடுக்கும் இரத்தத்தில் இருதயக் குழாயின் கொழுப்புப் படிவு வராது. அதில் அளக்கப்படுவது பெரும்பாலும் வெள்ளை அணுக்களின் ஆர்.என்.ஏ. தான். குழாய்ச் சுவரில் படிவு வளர்வது வெறும் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும் வேலையன்று. அது நீண்ட நாள் நீடிக்கும் ஓர் அழற்சி, அதில் வெள்ளை அணுக்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. எனவே, அடைப்பு உள்ளவருடைய வெள்ளை அணுக்களின் பெரட்டு, அடைப்பு இல்லாதவருடைய பெரட்டிலிருந்து சற்று வேறுபட்டிருக்கும் என்பதே இந்தச் சோதனைகளின் அடிப்படை. அடிப்படையில் தவறு ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்டது என்று மண்டபத்தில் பேசியவர் எதைக் குறிப்பிட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். கார்டியோ டிஎக்ஸ் என்ற நிறுவனம் கோரஸ் சி.ஏ.டி. என்ற சோதனையை விற்றது. 23 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து, அதோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, 1 முதல் 40 வரை ஒரு மதிப்பெண் கொடுக்கும். 15 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கடுமையான அடைப்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு என்று பொருள். அந்த 23இல் எஸ்100ஏ12 போன்றவை நியூட்ரோஃபில் அணுக்கள் எவ்வளவு தூண்டப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டுபவை, சி.டி.79பி போன்றவை பி லிம்போசைட்டுகளைக் காட்டுபவை. சுருங்கச் சொன்னால், எந்த வகை வெள்ளை அணு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கொதித்துப் போயிருக்கிறது என்ற கணக்கு.

இப்போது என் தொழில் சார்ந்த ஒன்று. ஆர்.என்.ஏ. மிக விரைவாகச் சிதையும் பொருள். அதோடு, இரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் வெள்ளை அணுக்கள் உயிரோடிருந்து தங்கள் பெரட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்து, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இதற்கு ஆகாது. பேக்ஸ்ஜீன் என்ற தனிக் குழாய் இருக்கிறது. அதற்குள் தெளிந்த திரவம் ஒன்று முன்கூட்டியே இருக்கும். மற்றக் குழாய்களெல்லாம் நிறைந்த பிறகு கடைசியாக அதில் 2.5 மில்லி இரத்தம் எடுத்து, உடனே எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. அந்தத் திரவம் அணுக்களை உடைத்து, ஆர்.என்.ஏ.வை அப்படியே உறைய வைத்தது போல நிறுத்திவிடும். இரத்தம் நன்றாகக் கலந்ததும் சிவப்பு மாறிக் கருத்துப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லயத்துப்பிள்ளை, மண்டபத்தில் இரத்தம் எதில் எடுத்தார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அதைக் கொண்டே நிறையச் சொல்லிவிடலாம்.

எண்ணும் எழுத்தும் – திங்கள், காலை 7.30

நான் புள்ளியியல் மாணவன். குழாய்க்காரர் ஐயா குறிப்பிட்ட சோதனையின் முக்கியமான சரிபார்ப்பு ஆய்வுக்குப் பிரெடிக்ட் என்று பெயர்; 2010இல் முடிவு வெளியானது. அமெரிக்காவில் 39 மையங்களில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில், 526 பேரிடம் இந்த மதிப்பெண்ணைச் சரிபார்த்தார்கள். எல்லாருக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்து, பெரிய குழாய் ஒன்றிலாவது 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறுகல் இருந்தால் அடைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி 192 பேர் இருந்தார்கள். மீதி 334 பேருக்கு இல்லை.

அடைப்பு உள்ளவர்களில் 85 விழுக்காட்டினரைச் சோதனை பிடித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடைப்பு இல்லாதவர்களில் 43 விழுக்காட்டினரைத்தான் இல்லை என்று சரியாகச் சொன்னது. இதை ஆள்கணக்காக மாற்றிப் பாருங்கள். அடைப்புள்ள 192 பேரில் ஏறத்தாழ 163 பேருக்கு உயர்ந்த மதிப்பெண் வந்தது, 29 பேர் தப்பிவிட்டார்கள். அடைப்பே இல்லாத 334 பேரில் 190 பேருக்கும் உயர்ந்த மதிப்பெண்தான் வந்தது. அதாவது உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அடைப்பு இல்லை. குறைந்த மதிப்பெண் வாங்கி வீட்டுக்குப் போகக்கூடிய ஏறத்தாழ 173 பேரில் ஆறில் ஒருவருக்கு அடைப்பு உண்டு.

எனவே, அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனை என்று இதைச் சொல்வது பிழை. நெஞ்சு வலியோடு வருபவர்களில் சிலருக்கு இருதயக் காரணம் இருக்க வாய்ப்புக் குறைவு என்று விலக்கி வைப்பதற்கு உதவும் சோதனை என்றுதான் அதை உருவாக்கியவர்களே முன்வைத்தார்கள். நோய்க்குறியே இல்லாத ஆட்களைக் கூட்டி வைத்து வடிகட்டுவதற்கும் அது உருவாக்கப்படவில்லை.

இன்னொன்று. சோதனையின் திறனை 0.5 முதல் 1 வரை ஓர் அளவால் குறிப்பார்கள், 0.5 என்றால் காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம், 1 என்றால் பிழையே இல்லை. வயது, பாலினம், வலியின் தன்மை ஆகிய மூன்றை மட்டும் கேட்டுக் கணக்கிடும் பழைய முறை ஒன்று 1979 முதல் இருக்கிறது. அதே நோயாளிகளிடம் அந்த முறை 0.66 எடுத்தது. மரபணு மதிப்பெண்ணையும் சேர்த்தபோது 0.72 ஆயிற்று. புள்ளியியல்படி அது உண்மையான முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 0.66 வரைக்கும் டிரசர் ஐயா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று கேள்வியில் போய்விடுவார்.

வகுப்பறை ஜன்னல் – திங்கள், மாலை 4.15

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. என் அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று ஒன்று வரவேயில்லை. தாடை வலித்தது, தோசைக்கு மாவு ஆட்டிவிட்டு எழுந்தால் மூச்சு வாங்கியது, களைப்பாக இருந்தது. தனியார் கிளினிக் ஒன்றில் இரண்டு முறை வாயு என்று சொல்லி வெள்ளை மருந்துப் புட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் முறை மருத்துவமனையில்தான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி போய்விட்டது. பெண்களுக்கு இப்படி அறிகுறி மாறி வருவதால், வாய்ச்சொல்லை நம்பாமல் இரத்தத்தை நம்பும் சோதனை எங்களுக்கு அதிகம் பயன்படாதா? வயதும் பாலினமும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன என்று வேறு எழுதியிருக்கிறீர்களே.

எண்ணும் எழுத்தும் – திங்கள், இரவு 8.02

டீச்சர், உங்கள் அம்மாவுக்கு நடந்தது வருத்தத்துக்குரியது. உங்கள் கேள்வியும் நியாயமானது. அந்தச் சோதனையை ஆதரித்தவர்கள் முன்வைத்த வலுவான வாதங்களில் அதுவும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் கணக்கீடு தனித்தனி, மரபணுக்களுக்குக் கொடுக்கும் எடையிலும் வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வயது அந்த மதிப்பெண்ணில் பெரும் பங்கு வகிக்கிறது. வயது குறைந்த பெண்ணுக்குக் குறைந்த மதிப்பெண் வருவது இயல்பு. அதில் எவ்வளவு அவருடைய வெள்ளை அணுக்கள் சொன்னது, எவ்வளவு அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த ஆண்டு சொன்னது என்பதைத் தாளைப் பார்த்துப் பிரிக்க முடியாது. தாடை வலியோடு வரும் 45 வயதுப் பெண்ணிடம் குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி மறுபடியும் அதே வெள்ளை மருந்தைக் கொடுத்து அனுப்பினால், பழைய தவறு புதிய தாளில் அச்சாகி வருகிறது, அவ்வளவுதான்.

ஈரநிலம் – செவ்வாய், காலை 10.20

இழை ஒரே பக்கமாகச் சாய்வதால் குறுக்கிடுகிறேன். ஆய்வுக்கூட உதவியாளராக இந்தத் துறைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறேன். பிரெடிக்ட் ஆய்வோடு நிறுத்திவிடக் கூடாது. 2013இல் வெளியான காம்பஸ் என்ற ஆய்வில், இருதயத் தசைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஸ்கேனுக்கு அனுப்பப்பட்ட 431 பேரிடம் அதே மதிப்பெண்ணைப் பார்த்தபோது திறன் 0.79 ஆக உயர்ந்தது. குறைந்த மதிப்பெண் வந்தவர்களில் 96 விழுக்காட்டினருக்கு அடைப்பு உண்மையாகவே இல்லை. அந்த ஸ்கேனை விட இது மேலாகச் செய்தது.

அதோடு, இருதய நோய்க்கு இரத்த அணுக்கள் வெறும் சாட்சி மட்டுமல்ல என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. எலும்பு மச்சையில் இரத்தம் உற்பத்தியாகும் மூல அணுக்களில், வயதாக வயதாகச் சில மரபணுக்களில் மாற்றம் ஏற்பட்டு, அந்த அணுவின் வாரிசுகள் மட்டும் பெருகிவிடுகின்றன. டெட்2, டி.என்.எம்.டி.3ஏ ஆகிய மரபணுக்களில் இது அடிக்கடி நேர்கிறது. அப்படி உள்ளவர்களுக்கு இருதயக் குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.9 மடங்கு என்று 2017இல் காட்டினார்கள். அதே ஆண்டு கேண்டோஸ் ஆய்வு வந்தது: ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 விழுக்காடு குறைந்தன. இரத்தத்தைப் பார்ப்பது சரியான திசை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆஞ்சியோகிராம் வசதி பக்கத்தில் இல்லாத நம் மாதிரித் தோட்டத்து ஊருக்கு ஒரு குழாய் இரத்தம் எவ்வளவு வசதி என்பதையும் யோசியுங்கள்.

எண்ணும் எழுத்தும் – செவ்வாய், மதியம் 1.10

திசை சரி என்பதில் எனக்குச் சண்டையில்லை. 0.79 என்பதும் நல்ல எண்தான். ஆனால் குறைந்த மதிப்பெண் வந்தவர்களில் அடைப்பு இல்லாதவர்கள் பிரெடிக்ட்டில் 83 விழுக்காடாக இருந்து காம்பஸில் 96 ஆனதைச் சோதனையின் சாமர்த்தியம் என்று முழுக்க எழுதிவிடாதீர்கள். பிரெடிக்ட்டில் நூற்றுக்கு 37 பேருக்கு அடைப்பு இருந்தது, காம்பஸில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்குத்தான். காம்பஸ் மக்களிடம் எந்தச் சோதனையும் செய்யாமல், வந்தவர்களையெல்லாம் பார்த்து உங்களுக்கு அடைப்பில்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போயிருந்தாலும் 85 விழுக்காடு சரியாக இருந்திருக்கும். நோய் குறைவாக உள்ள கூட்டத்தில் இல்லை என்ற சொல் எளிதில் பலிக்கும். லயத்துப்பிள்ளையின் அண்ணன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். மேடேறினால் வரும் அழுத்தமும் ஒன்பது ஆண்டு இனிப்புநீரும் சேர்ந்த 52 வயது ஆண், நோய் மிகுந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்.

குழாய்க்காரர் – செவ்வாய், இரவு 9.30

இனிப்புநீர் என்ற சொல்லை இப்போதுதான் எடுத்தீர்கள். நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அதுவே இங்கே முதன்மையானது. பிரெடிக்ட் ஆய்வின் சரிபார்ப்பில் இனிப்புநீர் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. காம்பஸிலும் சேர்க்கவில்லை. விற்பனையின்போதும் இனிப்புநீர் இல்லாதவர்களுக்கு மட்டும் என்றே அந்தச் சோதனை வரையறுக்கப்பட்டிருந்தது. காரணம் எளிது. சோதனையை உருவாக்கும் கட்டத்திலேயே, இனிப்புநீர் உள்ளவர்களின் வெள்ளை அணுக்களில் அடைப்போடு தொடர்புகொண்ட மரபணுக்கள், இல்லாதவர்களிடம் கண்டவற்றோடு ஒத்துப்போகவில்லை. சர்க்கரையே வெள்ளை அணுக்களின் பெரட்டைக் கலைத்துவிடுகிறது. நாள்பட்ட அழற்சி நோய் உள்ளவர்களையும், ஸ்டீராய்டு போன்ற நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களையும் அதே காரணத்துக்காக விலக்கினார்கள்.

இப்போது நம் நாட்டை நினைத்துப் பாருங்கள். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். யாருக்கு இருதய நோய் அதிகம் வருகிறதோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டு உருவாக்கிய சோதனையை, அவர்களே நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்து விற்கிறார்கள் என்றால், கோபம் வராமல் என்ன செய்யும்?

ஈரநிலம் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஒரு குழாய் இரத்தம் வசதிதான். ஆனால் நான் சொன்ன அந்தக் குழாயை அறை வெப்பநிலையில் மூன்று நாள் வரை வைக்கலாம் என்னும்போது, அறை வெப்பநிலை என்பது 18 முதல் 25 பாகை. நம் ஊர்ப் பகலில் தகரக் கூரைக் கிளினிக்கில் அது எந்த மாதத்தில் வரும் என்று எனக்கு எழுதுங்கள். குளிர்பெட்டியில் வைத்து அனுப்பினால் முடியும், முடியாது என்று சொல்லவில்லை. அதற்கு ஒழுங்கான ஏற்பாடு வேண்டும். டிங்கிக் காய்ச்சலில் படுத்து எழுந்து ஒரு வாரமான ஆளுடைய வெள்ளை அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தவன் நான். அன்றைய பெரட்டை வைத்து அவருடைய இருதயத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பேனாவை எடுக்க மாட்டேன்.

கடைசியாக, அந்தச் சோதனையை இப்போது யாரும் வாங்கவும் முடியாது. அமெரிக்க முதியோர் காப்புறுதித் திட்டமான மெடிகேர் அதற்குப் பணம் கொடுப்பதை 2018 இறுதியில் நிறுத்தியது. 2019 தொடக்கத்தில் நிறுவனமே மூடப்பட்டுவிட்டது.

லயத்துப்பிள்ளை – புதன், இரவு 10.00

மிக்க நன்றி. குழாய்க்காரர் ஐயா கேட்டதற்கு விடை கிடைத்தது. பக்கத்து லயத்துப் பெரியம்மா போன மாதமே பணம் கட்டிச் சோதனை செய்துகொண்டவராம், அவரிடம் கேட்டேன். விரல் நுனியைக் குத்தி, தடித்த அட்டை ஒன்றில் மூன்று வட்டங்களுக்குள் இரத்தத்தை ஒற்றிக் காயவைத்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்களாம். குழாய் எதுவும் இல்லை. அவருக்கு வந்த அறிக்கையையும் பார்த்தேன். பல வண்ணத்தில் பன்னிரண்டு பக்கம். ஓர் அட்டவணையில் 9பி21 என்று போட்டு, அதற்கு நேரே சி.ஜி. என்ற எழுத்துகளும், மிதமான அபாயம் என்ற சொல்லும் இருந்தன. 1 முதல் 40 வரையிலான மதிப்பெண் எதுவும் இல்லை.

குழாய்க்காரர் – புதன், இரவு 10.45

அப்படியானால் அது மரபணு வெளிப்பாட்டுச் சோதனையே அன்று. செக்ரோல் புத்தகத்தில் ஓர் எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். 9பி21 என்பது ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள ஓர் இடம். அங்கே ஒரு குறிப்பிட்ட எழுத்து இருந்தால் இருதயக் குழாய் நோய் வரும் வாய்ப்புச் சற்று அதிகம் என்று 2007இல் கண்டுபிடித்தார்கள். உறுதியான கண்டுபிடிப்பு, பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது. ஆனால் அந்த எழுத்தின் ஒவ்வொரு பிரதியும் வாய்ப்பை ஏறத்தாழ 25 விழுக்காடு கூட்டுகிறது, அவ்வளவுதான். மக்கள் தொகையில் பாதிப் பேரிடமாவது ஒரு பிரதி இருக்கும். பெரியம்மாவுக்குப் பத்து வயதில் எடுத்திருந்தாலும் அதே எழுத்துதான் வந்திருக்கும். இன்றைக்கு அவருடைய குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

ஒரு சோதனையின் ஆய்வை மேடையில் பேசிவிட்டு, வேறொரு சோதனையைக் கீழே விற்றிருக்கிறார்கள். மரபணு என்ற சொல் இரண்டிலும் வருவதால் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஈரநிலம் – வியாழன், காலை 8.50

ஒப்புக்கொள்கிறேன். நான் ஆய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அட்டையில் ஒற்றிய இரத்தத்தைப் பற்றி அல்ல. லயத்துப்பிள்ளையின் அண்ணனுக்கு இன்று ஊசி இல்லாமல் ஏதாவது பார்க்க வேண்டும் என்றால், டாக்டர் பொருத்தமென்று கருதினால், குழாய்களை நேராகப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் இருக்கிறது, அதிலும் கையில் மருந்து ஏற்றுவார்கள் என்பதால் ஊசி இல்லாமல் என்று எழுதியதும் பிழை. ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அதையும் எடுத்தவர்களில் ஐந்தாண்டுக்குள் இருதய நோயால் இறந்தோ மாரடைப்பு வந்தோ பாதிக்கப்பட்டவர்கள் 2.3 விழுக்காடு, எடுக்காதவர்களில் 3.9. படம் எடுத்ததாலேயே யாரும் பிழைக்கவில்லை. படிவைக் கண்ணால் பார்த்த பிறகு சரியான ஆளுக்குச் சரியான மருந்து போய்ச் சேர்ந்ததே அதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள்.

லயத்துப்பிள்ளை – இரண்டு வாரம் கழித்து, சனி, மாலை 6.20

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிரசர் ஐயா எழுதிய மறுநாளே கிளினிக்குப் போனோம். இ.சி.ஜி. ஐயா சொன்னது போலச் சுத்தமாகத்தான் வந்தது. அண்ணன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நான் மேடேறும் கதையைச் சொன்னதும் டாக்டர் அவரை மறுபடி உட்கார வைத்துவிட்டார். இரத்த அழுத்தம் 158க்கு 94. மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1. கொழுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் கொடுத்து, ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். அங்கே நடைப்பட்டையில் ஏற்றினார்கள். நான்காம் நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். சி.டி. தேவையில்லை, நேரே ஆஞ்சியோகிராம் என்றார்கள். அடுத்த வியாழன் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

முன்பணம் கேட்டு அந்த ஆள் இரண்டு முறை அழைத்தார். இரண்டாம் முறை அண்ணனே எடுத்து, இனிப்புநீர் உள்ளவருக்கு இந்தச் சோதனையைச் செய்யலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம், எல்லாருக்கும் செய்யலாம் என்று பதில் வந்தது.

ஒரு சந்தேகம். ஆஞ்சியோகிராம் அன்று காலை சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடலாமா, நிறுத்த வேண்டுமா?

பழைய டிரசர் – சனி, இரவு 7.05

தம்பி, அதை நான் இங்கே சொல்ல மாட்டேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தும், எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தும் அது மாறும். கடிதத்தில் வார்டு எண் இருக்கும், திங்கட்கிழமை அழைத்துக் கேளுங்கள். போகும்போது அண்ணன் சாப்பிடும் அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போகாதீர்கள், மாத்திரை அட்டையோடு கொண்டுபோங்கள். வீட்டில் லேகியம், கஷாயம் ஏதாவது இருந்தால் அந்தப் புட்டியும் பையில் இருக்க வேண்டும்.

லயத்துப்பிள்ளை – சனி, இரவு 7.30

லேகியம் இருக்கிறது ஐயா. இரண்டு புட்டி. அண்ணி இப்போதுதான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.